குறிப்பு ஏதேனும் இருப்பின்

பிப்ரவரி 5

இது நாட்குறிப்பு அல்ல, வேலைக் குறிப்பேடு. திரை வடிவமைப்பவர்கள் அன்றாடம் கவனித்ததை எழுதிவைக்க வேண்டும் என்று எங்கள் நிறுவன உரிமையாளர் ஆசீர் செல்வின் எங்கோ படித்திருக்கிறார். நிறுவனத்தில் திரை வடிவமைப்பவன் நான் ஒருவன்தான். உத்தரவு மட்டும் பன்மையில் வந்தது.

புதிய வேலை, நகராட்சியின் எரிவாயு தகன மேடைக்கு முன்பதிவுத் திரை. இதுவரை நீள நோட்டில் எழுதிவந்தார்கள். ‘முன்பதிவு’ என்ற சொல்லைப் பற்றி நான் ஒரு சந்தேகம் கேட்டேன். ஆசீர் சார் சிரிக்கவில்லை.

எங்களிடம் கல்யாண மண்டபங்களுக்கான மென்பொருள் ஒன்று இருக்கிறது. பதினேழு மண்டபங்களில் ஓடுகிறது. அதையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. “ரெண்டும் ஒருநாள் நிகழ்ச்சிதானே, கொழுந்து சார்” என்றார். மணமகன், மணமகள் என்ற இரண்டு கட்டங்களை எடுத்துவிட்டு இறந்தவர் என்று ஒரு கட்டம் வைக்க வேண்டும். நாற்காலி எத்தனை, நாதஸ்வரத்துக்கு மேடை வேண்டுமா என்ற கேள்விகளை நீக்க வேண்டும்.

நல்ல திரைக்கு முதல் விதி, பயன்படுத்துகிறவர் யார் என்று தெரிந்துகொள்வது. பாலிடெக்னிக்கில் பதினோரு வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் திரையைப் பயன்படுத்துகிறவர் யார் என்று இன்று மாலைவரை யோசித்ததில், இறந்தவர் அல்ல என்பது மட்டும் தெளிவாகியிருக்கிறது.

எட்டாம் தேதி விடுப்பு. மொழியைத் திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போகிறேன். மொழி என் மனைவி. முழுப்பெயர் குழல்வாய்மொழி, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்றரை மாதமாக வயிற்றுவலி. அஜீரணம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். வேலைக் குறிப்பேட்டில் இது வர வேண்டியதில்லை.

பிப்ரவரி 8

இரண்டாம் விதி. உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திரை எந்நேரமும் வெளியே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். பயனரை இருட்டில் வைக்கக் கூடாது.

கணையம். கல்லீரலுக்கும் போய்விட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பேனா மூடியால் தொட்டுக் காட்டினார். எவ்வளவு காலம் என்று மொழி கேட்டாள். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார் அவர். “ஒரு எண்ணைச் சொல்லுங்க டாக்டர். நான் கணக்கு டீச்சர்” என்றாள். ரெண்டு மூன்று மாதம் என்றார். “ரெண்டா, மூணா?” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், நறுமுகைக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். நறுமுகை எங்கள் ஒரே மகள். டெல்லியில் எம்.ஏ. கடைசி வருடம். மே மாதம் தேர்வு. தேர்வு முடியட்டும் என்றேன். மொழி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மடியில் விரல் மடக்கினாள். மார்ச், ஏப்ரல். மூன்றாவது விரலை மடக்கவில்லை.

பிப்ரவரி 12

கள ஆய்வு. தகன மேடை ஆற்றங்கரையில், பழைய சுடுகாட்டின் பக்கத்தில் இருக்கிறது. பொறுப்பாளர் பெயர் தங்கப்பழம். ஐம்பது வயதிருக்கும். மேசையில் நீள நோட்டு, நோட்டின் மேல் பாதிக் கடலைமிட்டாய்ப் பாக்கெட்.

காலையில் இரண்டு பேர் வந்தார்கள். அதாவது, கொண்டுவரப்பட்டார்கள். நான் கவனித்தவை: அழுகிறவர் படிவம் நிரப்புவதில்லை. சகலையோ பக்கத்து வீட்டுக்காரரோதான் முன்னால் தள்ளப்படுகிறார். அவருக்கு இறந்தவரின் வயது தெரியாது. எழுபத்திரண்டா எழுபத்துநாலா என்று பின்னால் திரும்பிக் கேட்கிறார். பின்னால் கருத்து வேறுபாடு உண்டாகிறது. கண்ணாடியை எல்லோரும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். விரலெல்லாம் திருநீறு. தொடுதிரைக்கு அந்த விரல் ஆகாது.

ஆகவே பெரிய பொத்தான்கள், ஒரு திரைக்கு ஒரே கேள்வி. வயது உத்தேசமாக இருந்தால் போதும். தவறாக அழுத்தினால் திரும்பிப் போக வழி வேண்டும். எல்லாம் முடிந்ததும் பச்சை நிறத்தில் ‘வாழ்த்துகள்!’ என்று வருவதை எடுத்துவிட வேண்டும்.

தங்கப்பழம் ஒரு கேள்வி கேட்டார். “மெஷினு வந்தப்புறம் நான் எதுவும் கேக்க வேண்டாமா சார்?” எல்லாவற்றையும் திரையே கேட்டுக்கொள்ளும் என்றேன். “வாரவங்ககிட்ட நான் சாப்டீங்களான்னு ஒண்ணு கேப்பேன். அதுக்கு இடம் இருக்கா?”

இல்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 13

நறுமுகை போன் செய்தாள். அம்மாவுக்குக் கொஞ்சம் அல்சர் என்றேன். காரத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 19

உருவாக்கியவனே சோதித்துப் பார்த்தால் தவறு தெரியாது. புதியவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். மொழி நீண்ட மருத்துவ விடுப்பில் வீட்டில் இருப்பதால் டேப்லெட்டை அவளிடம் கொடுத்தேன். பேசாமல் நின்றேன்.

இறந்தவர் பெயர் என்ற இடத்தில் நான் வழக்கமாக ‘டெஸ்ட் ஒன்று’ என்று போடுவேன். மொழி தன் பெயரை அடித்தாள். வேறு பெயர் போடேன் என்றேன்.

“உண்மைப் பேரு போட்டாத்தான் தப்பு தெரியும். பேசாம நிக்கேன்னுதான சொன்னீங்க?”

தப்பு தெரிந்தது. அவள் அடித்தது குழல்வாய்மொழி. சேமித்து மீண்டும் திறந்தால் ‘குழல்வாய்ம’ என்று நின்றது. என் பெயரைப் போட்டுப் பார்த்தோம். திருமலைக்கொழுந்து என்பது ‘திருமலைக்க’ ஆயிற்று. காரணம் எளியது. கணினிக்குள் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழ் எழுத்துக்கு மூன்று இடம். அதற்குக் கொம்போ காலோ வைத்தால் மேலும் மூன்று, புள்ளி வைத்தாலும் மூன்று. பெயருக்கு முப்பது இடம்தான் ஒதுக்கியிருந்தது. மண்டபங்களில் எல்லோரும் ஆங்கிலத்திலேயே பதிவதால் பதினேழு இடத்திலும் இது வெளிவரவில்லை. தமிழர்கள் கல்யாணம் வரை ஆங்கிலத்தில் சமாளித்துவிடுகிறார்கள்.

பெயர், முகவரி இரண்டு கட்டங்களையும் பெரிதாக்கினேன்.

கடைசித் திரையில் ‘குறிப்பு ஏதேனும் இருப்பின்’ என்று ஒரு கட்டம் உண்டு. மண்டபத்தில் இது சாம்பாரில் பூண்டு வேண்டாம் என்பதுபோன்ற விஷயங்களுக்கு. அதை எடுத்துவிடப் போவதாகச் சொன்னேன். தேவையற்ற கட்டம் ஒவ்வொன்றும் பயனருக்கு ஒரு சுமை. மொழி கூடாது என்றாள். அங்கே யார் என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்டேன். “எழுதணும்னு தோணுறவங்க எழுதுவாங்க. நீங்க இடத்த மட்டும் வைங்க” என்றாள்.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரிதாக்கவில்லை. அதற்கு இருநூற்றைம்பத்தைந்து இடம் இருக்கிறது. தாராளம்.

பிப்ரவரி 24

நகராட்சிப் பொறியாளருடன் கூட்டம். ‘சமூகம்’ என்ற கட்டத்தை நான் நீக்கியிருந்தேன். பழைய நோட்டில் இருந்ததே என்றார். எதற்காக இருந்தது என்று கேட்டதற்கு, பழைய நோட்டுக்கு முந்தைய நோட்டிலும் இருந்தது என்றார். சாதியைப் பொறுத்து எரிவாயு கூடக்குறைய ஆகுமா என்று தங்கப்பழத்திடம் கேட்டேன். எடையைப் பொறுத்துத்தான் என்றார். கட்டம் திரும்ப வந்தது. நிரப்பாவிட்டாலும் அடுத்த திரைக்குப் போகும்படி செய்துவிட்டேன். இதைப் பொறியாளரிடம் சொல்லவில்லை.

வீட்டில் மொழி அடுத்த குறையைக் கண்டுபிடித்தாள். ‘தீ வைப்பவர்’ என்ற கேள்விக்குக் கீழே ஒரு பட்டியல். மகன், கணவர், தந்தை, சகோதரர், மருமகன், பேரன், மற்றவர்.

“மக எங்க?”

மற்றவரில் வரும் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கும் பார்வை அது. “நறுமுகை எனக்கு மற்றவரா?”

மகளைச் சேர்த்தேன். பொறியாளர் போன் செய்து, பெண்கள் அங்கே வரும் வழக்கமே இல்லையே என்றார். சாஃப்ட்வேர் அப்படித்தான் கேட்கிறது என்று சொன்னேன். அரசு அலுவலகங்களில் இந்த வாக்கியத்துக்கு மறுப்பு கிடையாது.

மார்ச் 2

கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு சிறிய வட்டம் சுற்றும். காத்திருங்கள், எல்லாம் நடக்கிறது என்று பொருள். உள்ளே எல்லாம் நின்றுபோயிருந்தாலும் வட்டம் சுற்றும். அதனால் நல்ல வடிவமைப்பாளர் வட்டத்தை நம்பமாட்டார். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று காட்டுவார்.

இதை இன்று காலை மொழிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, “உங்க மகளுக்கு நீங்க வட்டத்தத்தான் காட்டிக்கிட்டு இருக்கீங்க” என்றாள்.

தேர்வு முடியட்டும் என்றேன். நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சொல்வதாக இருந்தால் நானே சொல்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். கஞ்சி ஆறிவிட்டது. சூடு பண்ண எடுத்துப்போனேன்.

மார்ச் 9

எடை நாற்பத்தொன்று. இந்த எண் வேலைக்குச் சம்பந்தமில்லாதது.

மார்ச் 14

திரையைத் தகன மேடையில் பொருத்தியாயிற்று. தானும் வந்து பார்க்க வேண்டும் என்றாள் மொழி. வெயில் என்றேன். ஆட்டோ என்றாள். பெண்கள் அங்கே போவதில்லை என்றேன். “திரை எங்க வச்சிருக்கோ அங்க வச்சித்தான் சோதிக்கணும். நீங்க சொன்னதுதான்” என்றாள். பதினோரு வருடம் நான் சொன்னது.

தங்கப்பழம் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கை எதற்கோ துண்டைத் தேடியது.

“யக்கா, இங்க பொம்பளைங்க வாரதில்லக்கா.”

“இதுவரைக்கும் ஒருத்திகூட வரலையா?”

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். “நடந்து வந்தது நீங்கதான் மொதல்” என்றார்.

மொழி சிரித்தாள். ஒரு மாதத்துக்கும் மேலாகக் கேட்காத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலிக்காகவும் பிடித்திருக்கலாம். தங்கப்பழம் தன் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார். சாப்டீங்களாக்கா என்று கேட்டார். ஒரு இட்லி என்றாள். கடலைமிட்டாய் கொடுத்தார். அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு திரை முன்னால் நின்று பார்த்தாள். கண்ணுக்கு நேரே வெயில் அடிக்கிறது, மேலே ஒரு தகரம் வேண்டும் என்றாள். நியாயமான குறை. அலுவலகத்தில் எனக்குத் தோன்றவில்லை. கிளம்பும்போது மேடையின் இரும்புக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ள சுத்தமாத்தான் இருக்கு” என்றாள்.

மார்ச் 19

பட்டியலில் மிச்சமிருக்கும் தவறுகள் மூன்று. அவற்றில் ஒன்று: பதிவு உறுதியானால்தான் தொடர்பு எண்ணுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். இப்போது வரைவாகச் சேமித்தாலே போய்விடுகிறது. செய்தியின் கடைசி வரியும் மண்டபத்தில் இருந்தபடியே இருக்கிறது. மாலையில் மொழியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரைவுக்கும் போகுமா என்று கேட்டாள். போகும், நாளை மறுநாள் சரிசெய்துவிடுவேன் என்றேன். நாளை மறுநாளா என்று கேட்டாள்.

மார்ச் 20

மொழி முழுச் சோதனை செய்தாள். நான் தலையிடக் கூடாது, பக்கத்திலும் நிற்கக் கூடாது என்றாள். கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். உள்ளிருந்து ஒரு முறை குரல் வந்தது. “ஏங்க, இறந்த தேதில இன்னைக்குப் போட்டா பொய். நாளைக்குப் போட்டா ஒத்துக்க மாட்டேங்குது.”

வரப்போகும் தேதியை ஏற்காதபடி நான்தான் செய்திருந்தேன். அதை விட்டுவிட்டு வரைவாகச் சேமிக்கலாம் என்றேன்.

கடைசித் திரையில் நாற்பது நிமிடம் இருந்தாள். ஒற்றை விரலால் அடிக்கிறவள்தான். ஆனாலும் நாற்பது நிமிடம். எட்டிப் பார்த்தேன். டேப்லெட்டை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். பரீட்சைத் தாளை மறைக்கும் பிள்ளைகளைப் பல முறை திட்டியிருக்கிறாள்.

முடிந்ததும் காட்டினாள். பச்சை எழுத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று இருந்தது. “உங்க மெஷினு நல்லாத்தான் இருக்கு” என்றாள். இதுவரை என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு சொன்னதில்லை.

மார்ச் 21

ஒரு விபத்து. மொழி தொடர்பு எண் என்ற இடத்தில் நறுமுகையின் எண்ணைப் போட்டிருக்கிறாள். குறுஞ்செய்தி நேராக டெல்லிக்குப் போய்விட்டது. நறுமுகை காலையில்தான் பார்த்திருக்கிறாள். அவள் எனக்கு அனுப்பிய நகல் இது:

‘குழல்வாய்மொழி அவர்களுக்கான தங்கள் பதிவு பெறப்பட்டது. நிகழ்ச்சி இனிதே நடைபெற வாழ்த்துகள். மீண்டும் வருக.’

அடுத்த நொடி மொழியின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். “உசுரோடதான் இருக்கேன்” என்றாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் கூடத்தில் நின்றேன். ஒரு கட்டத்தில் இருவரும் சிரிப்பது கேட்டது. ‘மீண்டும் வருக’வுக்காக இருக்கும்.

சோதனைத் தரவில் உண்மையான எண்ணைப் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது. மொழிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. தற்செயலாக நடந்தது என்று ஆசீர் சாரிடம் அறிக்கை கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 23

நறுமுகை வந்துவிட்டாள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பிப்ரவரி எட்டுலயே தெரியுமாப்பா?” தெரியும் என்றேன். பையை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். அல்சர் என்று நான் சொன்ன நாளில், காரத்தைக் குறை என்று அவள் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். வரக் கூடாது என்று நினைத்தேன்.

மார்ச் 30

அம்மாவும் மகளும் சீட்டு விளையாடுகிறார்கள். நான் கஞ்சி வைக்கிறேன். தேர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஏப்ரல் 3

திரை வெளியீடு வரும் வாரம். சோதனைப் பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார் ஆசீர் சார். நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். நூற்றுப் பதினொன்றை அழித்தேன். மிச்சம் ஒன்றைத் திறந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 6

ஊசி போட்டால் நான்கு மணி நேரம் தூங்குகிறாள். விழித்திருக்கும்போது குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. நறுமுகை குளிக்கப் போயிருந்தபோது என்னைக் கிட்ட வரச் சொன்னாள்.

“அன்னைக்கு அடிச்சேம்லா. அது பத்திரமா இருக்குமா?”

இருக்கும், இரண்டு இடத்தில் நகல் இருக்கிறது என்றேன். தொழில்நுட்பப்படி நான் சொன்னது சரி.

“அப்பம் சரி” என்றாள். “திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.”

என் கை அவள் கைக்குக் கீழே இருந்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 9

காலை ஆறு இருபது.

ஏப்ரல் 14

அன்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

பதிவு செய்யப் பக்கத்து வீட்டுக்காரர் முன்வந்தார். நானே செய்கிறேன் என்றேன். வீட்டில் இருந்தபடியே டேப்லெட்டில். அழுகிறவர் படிவம் நிரப்புவதில்லை என்று பிப்ரவரியில் எழுதியிருந்தேன். அதன்படி நான் அழவில்லை.

பெயரை அடித்தேன். முழுதாக வந்தது. அடுத்த திரைக்குப் போகாமல் ஒரு செய்தி வந்தது. ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு வரைவு உள்ளது. தொடர வேண்டுமா?’ ஒரே ஆளுக்கு இரு முறை பதிவாகக் கூடாது என்று அந்தச் சோதனையை வைத்தவன் நான். ‘ஆம்’ என்ற பொத்தான் பெரிதாக, திருநீற்று விரலுக்கும் வாகாக இருந்தது.

எல்லாம் நிரப்பியிருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. உத்தேசம் அல்ல. முகவரி. சமூகம் காலி. தீ வைப்பவர், மகள். தேதி மட்டும்தான் மிச்சம். அன்றைய தேதியைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது.

கடைசித் திரையில் குறிப்பு இருந்தது.

‘தீ வைக்க வேண்டியது நறுமுகை. வேறு யாரும் இல்லை. அவள் அழட்டும், தடுக்க வேண்டாம். உங்களிடம் ஒன்று ச’

அதன் பிறகு ஒரு சிறிய கறுப்புக் கட்டம், உள்ளே கேள்விக்குறி. அவ்வளவுதான்.

வெளியே பந்தல் போடுகிறவர் எத்தனை நாற்காலி என்று கேட்டார். உறுதிசெய் என்பதை அழுத்தினேன்.

தகன மேடையில் மொழியின் அண்ணன்கள் இருவரும் நறுமுகை அங்கே நிற்கக் கூடாது என்றார்கள். நான் டேப்லெட்டைக் காட்டினேன். சாஃப்ட்வேரில் பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றேன். மாற்ற முடியும். பெரிய பொத்தானே இருக்கிறது. நறுமுகை அழுதாள். ஒருவரும் தடுக்கவில்லை.

தங்கப்பழம் என்னிடம் வந்து, சாப்டீங்களா சார் என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 22

நறுமுகை டெல்லிக்குத் திரும்பினாள். தேர்வு எழுதுகிறாள். அம்மாவிடம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாளாம்.

ரயில் நிலையத்தில் அந்தக் குறிப்பைப் பற்றிக் கேட்டாள். அம்மா உன்கிட்ட ஏதாவது சொன்னாளா என்று நானும் கேட்டேன். “உங்களுக்கு எழுதியிருக்கேன்னு சொன்னாங்க. என்னன்னு சொல்லல. அப்பாவுக்குத்தான்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

ஏப்ரல் 25

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீச்சர் இருந்திருந்தால் இன்னும் விரைவாகப் போட்டிருப்பாள்.

திரையில் இருக்கும் குறிப்புக்கு இருநூற்றைம்பத்துநான்கு இடம் ஆகியிருக்கிறது. மிச்சம் ஒன்று. அடுத்து வந்ததற்கு மூன்று இடம் வேண்டும். கிடைக்கவில்லை. அந்தக் கறுப்புக் கட்டம் அப்படி வந்தது. பெயரையும் முகவரியையும் பெரிதாக்கிய பிற்பகலில் இதையும் பெரிதாக்கியிருக்கலாம். ஒரே ஓர் எண்ணை மாற்ற வேண்டும். அரை நிமிட வேலை.

இரண்டு இடத்திலும் நகல் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. டேப்லெட்டில் தேடினேன். சேமித்ததும் திரையில் இருப்பதை அழித்துவிடும்படி, பயனரின் அந்தரங்கம் கருதி, நானே எழுதியிருக்கிறேன்.

ச-வில் தொடங்கும் அந்தச் சொல் எதுவாகவும் இருக்கலாம். சொல்ல வேண்டும் என்பதாக இருக்கலாம். சாவியாகவும் இருக்கலாம். பீரோ சாவியை நான் எங்காவது வைத்துவிட்டுத் தேடுவது அவளுக்குத் தீராத குறை. சமையலாகவும் இருக்கலாம். அவள் சுபாவம் தெரிந்தவன் என்ற முறையில் இவற்றுக்கெல்லாம் சம வாய்ப்பு உண்டு என்றே சொல்வேன். ஆனால் திரையில் இருப்பது பதிமூன்று சொல்லும் ஓர் எழுத்தும். அதற்கு, ஒற்றை விரலானாலும், ஐந்து நிமிடம் போதும். அவள் இருந்தது நாற்பது நிமிடம்.

அதன் பிறகு இருபது நாள் உயிரோடு இருந்தாள். வாயால் சொல்லியிருக்கலாமே என்று ஒரு வாரமாக அவள்மேல் கோபமாக இருந்தேன். இன்றுதான் புரிந்தது. சேமிக்கப்பட்டது என்று திரை சொன்னது. பத்திரமாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். சொல்லியாகிவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள்.

மே 6

யாரும் கேட்கவில்லை. குறிப்புக் கட்டத்தை ஒன்பதாயிரம் இடமாக ஆக்கியிருக்கிறேன். எழுத எழுத மிச்சம் எவ்வளவு என்று பக்கத்தில் ஓர் எண் குறைந்துகொண்டே வரும். சேமித்ததும், உள்ளே போய்ச் சேர்ந்ததை முதலிலிருந்து கடைசிவரை எடுத்து எழுதியவருக்கே திரும்பக் காட்டும். ‘சேமிக்கப்பட்டது’ என்று வெறுமனே சொல்வதை நீக்கிவிட்டேன். வெயிலுக்காகத் திரைக்கு மேலே தகரமும் போட்டாயிற்று. வேலை முடிந்தது. நாளை முதல் மண்டப மென்பொருளிலும் இதே திருத்தம்.

பிற்பகலில் தங்கப்பழம் போன் செய்தார். காலையில் வந்தவர்கள் குறிப்பில் ஏதோ எழுதியிருக்கிறார்களாம். ஒரு பெண், தன் அப்பாவுக்கு. நின்றபடியே அடித்தாளாம்.

“ரெண்டு பக்கம் இருக்கும் சார். முழுசா வந்திருக்கு. கடைசில புள்ளிகூட இருக்கு. வாசிக்கட்டா?”

வேண்டாம், அது அவர்களுடையது என்றேன். முழுதாக வந்திருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை கேட்டேன். வந்திருக்கிறது என்றார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“சாப்டீங்களா சார்?” என்றார்.

இல்லை என்றேன்.